நிரல் களஞ்சியத்தை உலாவியில் காண்போம்

பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழர்கள் ஏராளம். அடிக்கடி வேலை மாறுவதும் இங்கு வழக்கம். நிரலை எழுதியவர் போன பிறகு, அதில் ஒரு வரியை அவர் ஏன் மாற்றினார் என்று யாரிடம் கேட்பது? ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், பெயர், காரணத்துடன் பதிந்து வைக்கும் மென்பொருள் 'கிட்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதை உருவாக்கினார். கிட் கட்டளைகள் தெரியாதவரும் இப்பதிவுகளை உலாவியில் படிக்க உதவுவது 'கிட்வெப்'. கே சீவர்ஸ் பெர்ல் மொழியில் எழுதிய இது 2006 முதல் கிட்டுடனேயே வருகிறது. டெபியன் லினக்ஸில் இதை நிறுவும் முறையை இங்கு விளக்குகிறேன்.

1. 'ஆப்ட்' கட்டளையால் அப்பாச்சி, கிட்வெப் இரண்டையும் நிறுவுங்கள். அப்பாச்சியின் 'சிஜிஐ' பகுதியை இயக்கி, அப்பாச்சியை மறுபடி தொடங்குங்கள்.

2. 'ஈடிசி' அடைவில் 'கிட்வெப்.கான்ஃப்' என்ற கோப்பு இருக்கும். அதில் 'புராஜெக்ட்ரூட்' என்னும் மாறிக்கு உங்கள் களஞ்சியங்கள் உள்ள அடைவின் பெயரைக் கொடுங்கள்.

3. அப்பாச்சி 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ-டேட்டா' என்ற பயனராக இயங்குகிறது. அப்பயனருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். எழுதும் உரிமை வேண்டாம். 2022 ஏப்ரலுக்குப் பிந்திய கிட் பதிப்புகள் வேறு பயனருக்குச் சொந்தமான களஞ்சியத்தைத் திறக்க மறுக்கும். அத்தகைய அடைவுகளைக் கிட்டின் பொது அமைப்புக் கோப்பில் 'சேஃப்.டைரக்டரி' என்ற தலைப்பில் குறித்துவிடுங்கள்.

இனி சேவையகத்தின் முகவரியோடு 'கிட்வெப்' என்று சேர்த்தால் பட்டியல் தெரியும். ஆனால் மற்றவர்க்குத் திறந்துவிடுமுன் இரண்டு காரியங்கள் பாக்கி உள்ளன.

கிட்வெப் அந்த அடைவிலுள்ள எல்லாக் களஞ்சியங்களையும் காட்டிவிடும். 'எக்ஸ்போர்ட்_ஓகே' என்னும் மாறிக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அப்பெயருள்ள கோப்பு இருக்கும் களஞ்சியங்கள் மட்டுமே தெரியும். அந்தக் கோப்பு காலியாக இருக்கலாம்.

இரண்டாவது, கடவுச்சொற்கள். நிரலில் எழுதிய தரவுத்தளக் கடவுச்சொல்லைப் பின்னர் அழித்தாலும், பழைய பதிவில் அது அப்படியே இருக்கும். கிட்வெப்பில் இரண்டு மூன்று சொடுக்குகளில் யாரும் படித்துவிடலாம். ஆகவே முதலில் அந்தக் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள். அலுவலகத்திற்குள் மட்டும் பயன்படுவதாயின், அப்பாச்சியிலேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்படி அமைத்து, மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டும் திறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.