நரைத்த பம்பருக்கு எண்ணெய் மருந்தாகுமா?

கார் பராமரிப்பு: கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, எங்கள் கார் ஒன்பது வருடப் பழசு, பேஸ் மாடல். கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடியின் உறை, வைப்பருக்குக் கீழே உள்ள பகுதி, பம்பரின் அடிப்பாகம் எல்லாமே பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக். ஷெட் கிடையாது, தெருவில்தான் நிற்கிறது. இப்போது கறுப்பு முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. மாமனார் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். அன்றைக்கு மினுமினுவென்று இருக்கிறது. புதன்கிழமை பார்த்தால் முன்னைவிட மோசம். இதை நிரந்தரமாகக் கறுப்பாக்க வழி உண்டா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வெயிலில் நிற்கிற காருக்கு நிரந்தரம் என்ற ஒன்று இல்லை அம்மா. ஒரு வருடம், கவனமாகச் செய்தால் அதற்கு மேலும், நன்றாக இருக்கும்படி செய்யலாம். அதுவும் வீட்டிலேயே செய்யலாம்.

உங்கள் பம்பருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மொட்டை மாடியில் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் பாருங்கள். மூன்று கோடை தாண்டினால் நிறம் வெளுத்துவிடும், உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் மாவு மாதிரி ஒட்டும். அந்த நாற்காலியும் உங்கள் பம்பரும் ஒரே குடும்பம். இரண்டுமே பாலிபுரொப்பிலீன். பம்பரின் உட்புறத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே ‘பி.பி.’ என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பல கார்களில் அதோடு ‘இ.பி.டி.எம்.’ என்றும் இருக்கும். அது ஒரு வகை ரப்பர், கல் பட்டால் பம்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்ப்பது. விறைப்பாக நிற்க டால்க் என்ற வெள்ளைக் கல்மாவும், கறுப்புக்குக் கரித்தூளும் கலந்திருக்கும். கரித்தூள் நிறத்துக்கு மட்டுமல்ல, வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பதும் அதுதான்.

இவ்வளவு இருந்தும் வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை விடுவதில்லை. பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து அறுத்துப் போடுகிறது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன, உள்ளே இருந்த வெள்ளை மாவு வெளியே தலைகாட்டுகிறது. அந்த வெடிப்புகளில் பட்டு வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால்தான் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. கறுப்பு எங்கும் போகவில்லை, முடியின் தடிமன்கூட இல்லாத ஒரு தோலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் வைப்பர் பகுதி முதலில் வெளுப்பதும், கதவின் கீழ்ப்பட்டை கடைசியில் வெளுப்பதும் வெயில் படும் அளவைப் பொறுத்துத்தான்.

இப்போது மாமனாரின் எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய் அந்த வெடிப்புகளை நிரப்புகிறது, வெளிச்சம் சிதறுவது நிற்கிறது, கறுப்பு தெரிகிறது. தண்ணீர் தெளித்தாலும் இதேதான் நடக்கும். தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும், எண்ணெய் நாலு நாள் தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நாலு நாளில் தெருப்புழுதி முழுவதையும் அது பிடித்துவைத்துக்கொள்கிறது. வெயிலில் சிக்கேறி வாடையும் அடிக்கும். அவர் கைவேலையில் தவறில்லை. பொருள்தான் இந்த வேலைக்கு ஏற்றதல்ல.

தேங்காய் எண்ணெயாவது கெடுதல் குறைவு. மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஆயில் இவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். அடிப்பகுதிக்கு டீசல் தெளிக்கிற பழக்கம் இங்கே சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் இன்னும் இருக்கிறது. மிச்சத்தை பம்பரிலும் ஒரு துடை துடைத்து ‘புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க’ என்பார்கள். பம்பரில் உள்ள ரப்பரும் கதவு பீடிங்கும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பும், நாளடைவில் தளர்ந்துவிடும்.

சரி, செய்யவேண்டியது என்ன? வெயில் ஏறுமுன் காலையில், நிழலில், பிளாஸ்டிக் தொட்டால் சில்லென்று இருக்கும்போது தொடங்குங்கள். கார் ஷாம்பு போட்டுக் கழுவியபின், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஆல் பர்பஸ் கிளீனரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பழைய டூத் பிரஷ் போன்ற மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். பிளாஸ்டிக்கில் மணல் மணலாக ஒரு வரிவடிவம் இருக்கிறதே, அழுக்கு ஒளிந்திருப்பது அதன் பள்ளங்களில்தான். நுரை பழுப்பாக வரும். கழுவிவிட்டு மறுபடி தேயுங்கள். உங்கள் காரில் பல மாத எண்ணெய் ஊறியிருப்பதால் மூன்று முறையாவது தேவைப்படும். நுரை வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், உப்புத்தாள் இரண்டும் கூடாது. வரிவடிவம் தேய்ந்து வழவழப்பானால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நன்றாகக் காய்ந்ததும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து ஒருமுறை துடையுங்கள். அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை, “நல்ல மருந்துதான் வாங்கினேன், ஒரு மாதத்தில் போய்விட்டது” என்பவை. போனதற்குக் காரணம் மருந்து அல்ல, அடியில் விட்டுவைத்த பிசுக்கு. எண்ணெய்ச் சுவரில் சுண்ணாம்பு நிற்குமா?

பூசுவதற்கு மூன்று வகை கிடைக்கிறது. சிலிக்கோன் கலந்த டிரெஸ்ஸிங் முதல் வகை. தண்ணீர் சார்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். சில வாரம் தாங்கும், தடவுவது சுலபம். இரண்டாவது, கறுப்பு நிறமி கலந்த ரெஸ்டோரர். உங்கள் கார் அளவுக்கு வெளுத்தவற்றுக்கு இது கைகொடுக்கும், மாதக்கணக்கில் நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் பட்டால் எளிதில் போகாது. மூன்றாவது, இந்த மாதிரி கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கென்றே வரும் செராமிக் கோட்டிங். சிலிக்கா சார்ந்த திரவம் அது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி மெல்லிய தோலாகிவிடும். ஒரு வருடத்துக்கு மேல் நிற்பது இதுதான், கைத்தவறு செய்தால் திருத்த முடியாததும் இதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகை. சுற்றியுள்ள பெயின்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, பஞ்சுத் துண்டில் சில சொட்டு மட்டும் எடுத்து, மெல்லிசாகத் தேய்த்துப் பூசுங்கள். சில நிமிடம் விட்டு மைக்ரோஃபைபர் துணியால் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். நிறம் போதாத இடத்தில் மட்டும் இரண்டாம் பூச்சு. அன்று முழுக்கத் தண்ணீர் படக்கூடாது, அதனால் ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு நாளைப் பாருங்கள். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் பூசிப் பார்த்து, மறுநாள் திருப்தியானால் மற்ற இடத்துக்குப் போங்கள்.

மாமனாரிடமே இந்த வேலையைக் கொடுங்கள். ஞாயிறு தவறாமல் காருக்கு முன் உட்காரும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: ஹீட் கன் வைத்துச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் தானே கறுத்துவிடுகிறது என்று வீடியோவில் பார்த்தேன். உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வருகிறதாம். செய்யலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கறுப்பது உண்மை, எண்ணெய் வருவது உண்மையல்ல. வெடிப்பு விழுந்த மேல்தோல் லேசாக உருகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது, அதனால் வெளிச்சம் சிதறுவது நிற்கிறது. ஆனால் வெயிலைத் தாங்குவதற்காகத் தொழிற்சாலையில் சேர்த்த மருந்து அந்தத் தோலில் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். சூடு அதைத் திருப்பித் தராது. அதன்மேல் ஒன்றும் பூசாமல் விட்டால் மறுபடி வெளுக்கும்.

பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன் காற்றோ 500 டிகிரி வரை போகும். ஒரே இடத்தில் இரண்டு விநாடி கை தயங்கினால் போதும். சில வருடங்களுக்கு முன் என் சொந்தக் காரின் வைப்பர் பகுதியை ஒரு கடையில் இப்படிக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு வரிவடிவம் வழிந்து, மெழுகு உருகிய மாதிரி மினுங்கியது. கடைசியில் அந்த பாகத்தையே மாற்றினேன். அதன்பின் யார் கேட்டாலும், மாற்றத் தயாராக இருக்கிற பழைய பாகமானால் மட்டும் முயன்று பாருங்கள் என்பேன். காரில் மாட்டியபடி, பெயின்டுக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. பாலிஷ் போட்டு வந்தபின் வீல் ஆர்ச் கறுப்புப் பட்டையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒரு வருடத்தில் வெளுக்குமா?
— வாசகர், மதுரை

பதில்: வெளுப்பு இல்லை, பாலிஷ் காய்ந்து பள்ளங்களில் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் நனைந்ததும் கறுக்கும், காய்ந்ததும் சாம்பலாகும். பாலிஷ் திட்டு நனைந்தாலும் வெள்ளையாகவே நிற்கும். முதல் பதிலில் சொன்ன ஆல்கஹால் கலவையை பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். பிடிவாதமான இடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழி ரப்பர் நன்றாக வேலை செய்கிறது. அடுத்த முறை பாலிஷ் போடக் கொடுக்கும்போது, கறுப்புப் பட்டைகளுக்கு டேப் ஒட்டச் சொல்லி, ஒட்டுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திட்டு வட்ட வட்டமாக, சொட்டு காய்ந்த வடிவில் இருந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி, ஒரு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டாம்.

கேள்வி: தட்டிப்போன கறுப்பு பம்பருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். மூன்றே மாதத்தில் தோல் தோலாக உரிகிறது. டூப்ளிகேட் பெயின்டா?
— வாசகி, திருச்சி

பதில்: பெயின்டைக் குறை சொல்ல வேண்டாம். பாலிபுரொப்பிலீன் மேல் எதுவுமே எளிதில் ஒட்டாது, பசைகூட நிற்காது. முதலில் பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, அதன்மேல்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். இன்னொன்று, அதற்குமுன் சிலிக்கோன் டிரெஸ்ஸிங் ஏதாவது தடவியிருந்தீர்களா? சிலிக்கோன் துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் மீன் கண் போல வட்ட வட்டமாக விலகும். டிங்கரிங் பட்டறைக்குக் கொடுக்கும்போது என்னென்ன தடவினீர்கள் என்பதை பெயின்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீடு கடற்கரை ஓரம். உப்புக் காற்றில்தான் கறுப்பு பிளாஸ்டிக் வெளுக்கிறதா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இல்லை, வெயிலில்தான். உப்புக் காற்று தின்பது இரும்பை. பிளாஸ்டிக்கில் அது வெள்ளைப் படலமாகப் படியும், அதற்கு நல்ல தண்ணீர் போதும். வாரம் ஒருமுறை கழுவும்போது வீல் ஆர்ச்சின் உட்பக்கமும் கதவின் அடிவிளிம்பும் விட்டுப்போகாமல் பாருங்கள், துரு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.