ஜீன் ரைஸின் ‘குட் மார்னிங், மிட்நைட்’ புதினத்தில் மதுவிடுதியும் நடுவயதுத் தேடலும்

முன்னுரை

கரீபியத் தீவான டொமினிக்காவில் 1890-இல் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர் ஜீன் ரைஸ். அவருடைய ‘குட் மார்னிங், மிட்நைட்’ 1939-இல் வெளிவந்தது. குழந்தையை இழந்து, கணவனாலும் கைவிடப்பட்டு, நடுவயதை எட்டிய சாஷா ஜென்சன் 1937-இல் பாரிசு நகரில் கழிக்கும் சில நாட்களே கதை. அவள் மதுவிடுதிகளில் தேடுவது எது, அது ஏன் கிட்டவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடமும் நினைவும்

அகப்பாடலில் நிலமும் பொழுதும் உரிப்பொருளுக்குக் களமாவதுபோல, இப்புதினத்தில் மதுவிடுதியும் இரவும் தனிமைக்குக் களமாகின்றன. எனினும் சாஷா விரும்பிய இடத்தை நாடுபவள் அல்லள். பழந்துயரை நினைவூட்டும் விடுதிகளை விலக்கியபின் எஞ்சும் இடத்துக்கே செல்கிறாள். எங்கே உண்பது, எங்கே குடிப்பது என ஒவ்வொரு நாளையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறாள். தலைமுடிக்குச் சாயமிடுவதும் புதுத்தொப்பி வாங்குவதும் பிறரது ஏளனத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே. ஆகவே, அவள் முதலில் வேண்டுவது காதலன்று. தன்னை எடைபோடாத ஒரு பார்வை.

விலையும் பரிவும்

அத்தகைய பார்வை அங்கு அரிது. உறவுகள் பணத்தால் அளக்கப்படுகின்றன. ரெனே என்னும் இளைஞன் அவளது மென்மயிர் மேலங்கியைக் கண்டு, செல்வமுடையவள் எனக் கருதி நெருங்குகிறான். அவளோ சிறு தொகையொன்றைக்கொண்டு வாழ்பவள். அவனைப் பணத்துக்காகப் பழகுபவன் என அவள் முடிவுசெய்கிறாள். இறுதி இரவில் அவளிடம் வன்முறையாக நடந்துகொள்ளும் அவனே, பணத்தை எடுத்துச் செல்லுமாறு அவள் கூறியும் சிறு பகுதியை மட்டும் எடுத்துச் செல்கிறான். அவள் இட்ட மதிப்பீடும் முழுமையன்று என்பது அவன் சென்றபின்னரே புலனாகிறது.

அவன் திரும்புவான் என அவள் கற்பனை செய்து காத்திருக்கையில், உள்ளே வருபவனோ அவள் வெறுத்துவந்த பக்கத்து அறைக்காரன். அவன் கண்களை நேராக நோக்கி, அவனை ஏற்றுக்கொள்கிறாள்.

முடிவுரை

இம்முடிவை நம்பிக்கையிழந்த சரணடைதலாகக் கொள்ள இடமுண்டு. ஆயினும், புதினம் முழுவதும் பிறர் பார்வைக்கு அஞ்சியவள் இறுதியில் தானே நோக்குபவளாகிறாள் என்பது கருதத்தக்கது. தனக்குக் கிட்டாத எடைபோடாப் பார்வையை, அதற்குத் தகுதியற்றவன் எனத் தான் எண்ணிய ஒருவனுக்கே அவள் அளிக்கிறாள். அவளது தேடல் நிறைவுறவில்லை; பெறுவதிலிருந்து அளிப்பதற்குத் திசைமாறுகிறது. அதற்கு அவள் கொடுக்கும் விலையையும் ரைஸ் மறைக்கவில்லை.