வெள்ளைச் சோறும் தீட்டாத அரிசியும்

(சுவாமிமலை விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

காவிரிப் பாசன நாட்டில் அரிசியே பிரதான ஆகாரம் என்பது யாவரும் அறிந்ததே. காலையில் இட்டலி, பகலில் சோறு, இரவில் தோசை அல்லது மீண்டும் சோறு என்று மூன்று வேளையும் ஒரே தானியம் நம் வயிற்றுக்குள் செல்கிறது. ஆகையால் அந்தத் தானியம் எந்நிலையில் வீட்டுக்கு வந்து சேருகிறது என்பதைக் குடியானவர் கவனிக்க வேண்டியது மிகவும் அவசியம்.

இப்பகுதியில் நடந்துவரும் ஒரு விநோதத்தை முதலில் சொல்லுகிறேன். குடியானவர் தம் வயலில் விளைந்த நெல்லைக் களத்திலேயே விற்றுவிடுகிறார். பிறகு கடைத்தெருவுக்குச் சென்று, இரண்டு முறை தீட்டி முத்துப்போல் வெளுத்த அரிசியை மூட்டையாக வாங்கி வருகிறார். தாம் விளைவித்த மணியிலிருந்து சத்துள்ள பாகத்தைப் பிறர் நீக்கிவிட, எஞ்சியதை அதிக விலை கொடுத்து வாங்குகிறார். சோறு வெள்ளையாய் இருப்பது கௌரவம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்தக் கௌரவத்தின் விலை என்ன என்று கணக்கிடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

நெல்மணியின் உறுப்புக்கள்

நெல்லின் வெளிப்புறத்தில் இருப்பது உமி. இது மனிதருக்கு ஆகாரமாகாது. உமியை நீக்கியதும் தெரியும் மெல்லிய தோலே தவிடாகும். மணியின் ஒரு முனையில் முளை இருக்கிறது. உள்ளே இருக்கும் வெண்மையான பெரும்பாகம் மாவுச்சத்து. எண்ணெய்ச் சத்து, நார்ச்சத்து, உலோக உப்புக்கள், ‘பி’ வகை ஜீவசத்துக்கள் ஆகியவை பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் அதனையடுத்த பாகத்திலுமே அடங்கியுள்ளன.

முற்காலத்தில் நெல்லைத் திருவையில் அரைத்தோ, உரலில் இட்டு உலக்கையால் குற்றியோ, முறத்தில் புடைத்து அரிசியாக்கினார்கள். அதில் உமி போயிற்று. தவிட்டில் ஒரு பங்கு அரிசியோடு தங்கிற்று. ஹல்லர் யந்திரம் வந்தபின் உமியும் தவிடும் ஒரே ஓட்டத்தில் உரிந்து ஒன்றாய்க் கலந்து வெளியேறின. இக்காலத்து ஆலைகளில் ரப்பர் ரோலர் உமியை மாத்திரம் நீக்குகிறது. அதன் பின் அரிசியைத் தனியே தீட்டுகிறார்கள். அந்த இரண்டாம் வேலையை வேண்டாமென்று சொன்னால் தீட்டாத அரிசி கிடைத்துவிடும். உலக்கையை மீண்டும் ஸ்திரீகளின் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

கோழிகள் கற்பித்த பாடம்

தீட்டிய அரிசியால் தீங்கு உண்டு என்பதை உலகத்துக்கு முதலில் அறிவித்தவை கோழிகளே. ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில் 1890-களில் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர், பெரிபெரி என்னும் வியாதியை ஆராய்ந்து வந்தார். கை கால் மரத்து, நடை தளர்ந்து, இருதயம் வீங்கி மனிதர் இறக்கும் கொடிய வியாதி அது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்கும் அவ்விதமே கால் விழுந்தது. பிறகு வந்த சமையற்காரர் ஆஸ்பத்திரிச் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுத்துவிட, அவை தீட்டாத அரிசியைத் தின்று தேறிவிட்டன. இதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிக்காக 1929-ஆம் ஆண்டில் எய்க்மான் நோபல் பரிசு பெற்றார். தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-இல். இப்போது அதற்குத் தயமின் அல்லது பி-1 ஜீவசத்து என்று பெயர்.

நம்மவர் சம்பந்தப்பட்ட சான்று ஒன்றும் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டில் வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் திரள் திரளாய் மாண்டனர். அங்கே தோட்ட வேலைக்குச் சென்றிருந்த தமிழர்களிடம் அவ்வியாதி அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் உண்டது தாய்நாட்டிலிருந்து வந்த புழுங்கலரிசி. பிராடன் என்ற வைத்தியர் இதைக் கவனித்து 1907-இல் நூலாக எழுதினார். பிளெட்சர் என்பவர் 1905-இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு சாராருக்குப் புழுங்கலரிசியும் மறு சாராருக்குச் சயாம் வெள்ளையரிசியும் கொடுத்துப் பரீட்சித்து, அரிசியே காரணம் என்று நிரூபித்தார்.

பழைய சென்னை மாகாணத்திலும் இதே நிலைதான். இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. 1918-இல் குன்னூரில் மக்காரிசன் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சி, பெரிபெரி விசாரணையாகவே பிறந்தது. இன்று ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் அதன் வழி வந்ததே.

தீட்டாத அரிசிக்காக வாதாடியவர்களில் ஜே. சி. குமரப்பாவை நம் ஜில்லா மறக்கலாகாது. அவர் 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது அதன் காரியதரிசியாகி, கைக்குத்தல் அரிசியை அதன் முக்கிய வேலைகளுள் ஒன்றாக நடத்தினார்.

புழுக்குவதால் வரும் நன்மை

நெல்லை ஊறவைத்து ஆவியில் புழுக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்து நீரில் கரைந்து மணியின் உட்பாகத்துக்குச் செல்லுகிறது. பின் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. நூறு கிராம் அரிசியில் உள்ள தயமின் அளவு வருமாறு:

பச்சரிசி, ஆலையில் தீட்டியது — 0.06 மில்லிகிராம்
பச்சரிசி, கைக்குத்தல் — 0.21 மில்லிகிராம்
புழுங்கலரிசி, ஆலையில் தீட்டியது — 0.21 மில்லிகிராம்
புழுங்கலரிசி, கைக்குத்தல் — 0.27 மில்லிகிராம்

நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்குத் தீட்டிய பச்சரிசியால் 0.18 மில்லிகிராமும், கைக்குத்தல் புழுங்கலால் 0.81 மில்லிகிராமும் கிடைக்கும். வயது வந்தவருக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். வித்தியாசத்தை வாசகரே அறிந்துகொள்ளலாம்.

இக்காலத்து அபாயம்

பெரிபெரி இன்று நம்மிடை அருகிவிட்டது. ஆயினும் அதன் இடத்தில் நீரிழிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இதற்குப் பரம்பரை, உடலுழைப்புக் குறைவு முதலிய பல காரணங்கள் உண்டு. அரிசி ஒன்றையே குற்றவாளியாக்குவது நியாயமன்று. ஆனால் நார்ச்சத்து நீங்கிய சோறு விரைவில் ஜீரணித்து இரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றுகிறது. தினம் 50 கிராம் வெள்ளையரிசிக்குப் பதில் அதே அளவு தீட்டாத அரிசி உண்பது, நீரிழிவு வரும் அபாயம் 16 சதவீதம் குறைவதோடு சம்பந்தப்பட்டிருக்கிறதென 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர்.

நம் முன்னோர் இதே சோற்றை உண்டு நடவும் அறுப்பும் இறைப்பும் செய்தனர். இன்று நடவுக்கும் அறுப்புக்கும் யந்திரம் வந்துவிட்டது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. சுவாமிமலைக் கோயிலின் அறுபது படிகளை நடுவில் நில்லாமல் ஏற முடியாத நாற்பது வயதினரை அடிக்கடி காண்கிறேன். அவர்களில் நானும் ஒருவனாய் இருந்தேன் என்பதை ஒளிக்கவில்லை.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் எட்டுக் குடும்பத்தாரைத் தீட்டாத அரிசிக்கு மாறும்படி இணங்கச் செய்தேன். புழுக்காத நெல்லையே ஒரே நாளில் உமி நீக்கச் செய்து, மூன்று மாதச் செலவுக்கு வேண்டியதைச் சாக்கில் கட்டி வைக்கச் சொன்னேன். இரண்டாம் மாதத்தில் அரிசி சிக்கு நாற்றம் அடித்தது, வண்டும் விழுந்தது. பல் இல்லாத மாமியாருக்கு அது மெல்லவும் முடியவில்லை. ஒரு வீட்டு அம்மாள், “ஐயா, உங்கள் அரிசியைக் கோழிதான் விரும்பித் தின்கிறது” என்றார். எய்க்மானின் கோழிகள் என் நினைவுக்கு வந்தன. அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை.

பிழை அரிசியினுடையதன்று, என்னுடையதே. தவிட்டில் எண்ணெய் இருப்பதால், உமி நீங்கிய பின் காற்றுப்பட்டு அது கெடுகிறது. நெல்லாக இருக்கும்வரை கெடுவதில்லை. மேலும் புழுக்கும் சூட்டில், எண்ணெயைக் கெடுக்கும் நொதி செயலற்றுப் போகிறது. இவற்றை உணர்ந்து முறையை மாற்றிய பின் அவ்வெட்டு வீடுகளில் ஐந்து வீட்டார் மீண்டும் தொடங்கினர். அம்முறை பின்வருமாறு.

செய்யவேண்டிய முறை

1. வீட்டுச் செலவுக்குரிய நெல்லை விற்காமல் நன்கு காயவைத்து, பத்தாயத்திலோ குதிரிலோ நெல்லாகவே சேமிக்கவும்.

2. பதினைந்து நாளைக்கு வேண்டியதை மாத்திரம் எடுத்துப் புழுக்கி உலர்த்தி அரைக்கவும். ஊறவைத்த நீரை நாள்தோறும் மாற்றாவிடில் நாற்றம் உண்டாகும்.

3. ஆலையில் உமியை மட்டும் நீக்கச் சொல்லவும். முதல் மாதம் பாதி தீட்டிய அரிசியையும் பாதி தீட்டாத அரிசியையும் தனித்தனியே வேகவைத்துக் கலந்து உண்டால் நாக்கு பழகிவிடும். ஹல்லர் மட்டுமே உள்ள ஊரில் ஒரே ஓட்டுடன் நிறுத்தச் சொல்லவும்.

4. அரைத்த அரிசியை மூடியுள்ள டின்னில் வைக்கவும்.

5. சமைக்குமுன் ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு நீர் விட்டு நிதானமாக வேகவைக்கவும். ஊறிய நீரையும் கஞ்சியையும் கொட்டலாகாது. கரைந்த சத்து அதில் இருக்கிறது. பலமுறை தேய்த்துக் கழுவுவதும் தவறு. முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் இதே அரிசியை நொய்யாக உடைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம்.

6. சிவப்பு மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி முதலிய பழைய ரகங்களின் நிறம் தவிட்டில்தான் இருக்கிறது. அவற்றை வாங்கி வெளுக்கத் தீட்டுவது பணத்தைத் தெருவில் எறிவதாகும்.

வரவு செலவுக் கணக்கு

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் வருஷத்துக்குச் சுமார் 550 கிலோ அரிசி வேண்டும். ஏக்கருக்கு 2,200 கிலோ விளையும் நிலத்தில் ஒரு மா சுமார் 730 கிலோ நெல் கொடுக்கும். 100 கிலோ நெல்லுக்குத் தீட்டாத அரிசி 75 கிலோ என்றும், நன்றாய்த் தீட்டியது 67 கிலோ என்றும் கொண்டால், முன்னதில் 547 கிலோவும் பின்னதில் 489 கிலோவும் கிடைக்கும். வித்தியாசம் 58 கிலோ. அதாவது அவ்வீட்டுக்கு ஏறக்குறைய 39 நாள் சோறு. எனவே ஒரு மா நிலத்தின் நெல்லை விற்காமல் வைத்துக்கொண்டால் வருஷம் முழுவதும் கடையரிசி வாங்க வேண்டியதில்லை.

தவிடு மாட்டுக்குத்தானே போகிறது, வீணில்லையே என்பர். மாட்டுக்குத் தீவனம் வேறு வாங்கலாம். குழந்தைக்குச் சேரவேண்டியதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு மருந்து வாங்குவது சிக்கனமாகாது.

சோற்றையும் குறைக்க

தீட்டாத அரிசியாயிற்றே என்று அதே அளவு சோற்றை உண்டால் பிரயோஜனம் குறையும். ஒரு பிடி சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பும் கீரையும் சேர்க்கவேண்டும். பருப்புக்கும் வெளியே போகவேண்டியதில்லை. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன், நின்ற பயிரிலேயே உளுந்தும் பயறும் தெளிப்பது நம் நாட்டு வழக்கம். அதில் வீட்டுப் பங்கை முதலில் எடுத்து வைத்த பின் மிஞ்சியதை விற்கவும். வாரம் இரண்டு மூன்று வேளை கேழ்வரகு சேர்ப்பதும் நன்று. நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே நிறையுள்ள அரிசியில் 10 மில்லிகிராமே.

ஓர் எச்சரிக்கை. தீட்டாத அரிசி ஆகாரம், மருந்தன்று. நீரிழிவுக்கோ சிறுநீரக வியாதிக்கோ சிகிச்சை பெறுவோர் தம் வைத்தியரைக் கலந்துகொண்டே மாறவேண்டும், மருந்தை நிறுத்தலாகாது.

இம்முறை பெருஞ்செலவுள்ளதன்று; புதிய விதையோ உரமோ வேண்டியதில்லை. அடுத்த அறுப்பில் ஒரு மா நெல்லை வீட்டுக்கென ஒதுக்கி, பதினைந்து நாளைக்கு வேண்டியதைப் புழுக்கி அரைத்து உண்டு பார்க்கும்படி குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கண்ட குறை நிறைகளை என்னிடம் தெரிவித்தால், என் முந்திய பிழையைப்போல் பின்வருவதையும் திருத்திக்கொள்ளலாம்.