நாய் நம்முடையது, வாசல் எல்லோருடையது

பக்கத்து வீட்டம்மா போட்ட கோலம் காய்வதற்குள் நம் வீட்டு நாய் அதில் காலைத் தூக்கினால், பத்து வருடப் பழக்கமும் கசந்துவிடும். கசக்காமலிருக்கச் சில வழிகள்:

● சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நாய்க்கு வயிறு உந்தும். வேளை தவறாமல் சோறு வைத்து, உடனே வெளியே கூட்டிப் போங்கள். கழிக்கும் இடமும் நேரமும் பழகிவிடும்.

● பழைய செய்தித்தாள், ஒரு பை, ஒரு பாட்டில் தண்ணீர் இல்லாமல் படியிறங்காதீர்கள். நாய் குந்தியதும் பின்னால் தாளை நீட்டிவிட்டால் தரையைத் துடைக்கும் வேலையே இல்லை. சுருட்டியதை மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள்.

● லிஃப்டில் ஆள் இருந்தால், "வரலாமா?" என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். "ஒண்ணும் பண்ணாது" என்ற சமாதானம் பயந்தவர் காதில் ஏறாது. வாரைச் சுருக்கிப் பிடிப்பதுதான் நம்பிக்கை தரும்.

● வெளியூர் போகையில் நாயை பால்கனியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். தனிமையில் இரவெல்லாம் குரைக்கும். பார்த்துக்கொள்ள ஆளை ஏற்பாடு செய்து, எதிர்வீட்டில் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

● 3 மாதக் குட்டிக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, முதலில் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் செய்து, மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.

● பண்டிகைப் பலகாரத் தட்டோடு, "நாயால தொந்தரவு ஏதும் உண்டா?" என்றும் விசாரியுங்கள். புகார் வாசலோடு நின்றுவிடும். சங்கக் கூட்டம்வரை போகாது.