துண்டுத் துணியில் கட்டபொம்மன் உடை

கைத்தறி ஓடும் எவ்வூரிலும் இரண்டுக்குப் பஞ்சமில்லை. ஒன்று, வெட்டி எஞ்சிய துணித் துண்டுகள். மற்றொன்று, பள்ளி ஆண்டு விழாவில் வீரபாண்டிய கட்டபொம்மனாக மேடையேற ஆசைப்படும் சிறுவர்கள். இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும் வழியை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-இல் வெளிவந்தது. அதில் நடித்தமைக்காகச் சிவாஜி கணேசன் 1960-இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றார். ஜாக்சன் துரை வரி கேட்கும் காட்சியை மனப்பாடம் செய்யாத பள்ளி நம் நாட்டில் அரிது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-ஆம் நாள். படம் எடுத்தது 160 ஆண்டுகளுக்குப் பின். ஆதலால் திரையில் நாம் கண்ட உடையைச் சரித்திரச் சான்று எனக் கொள்ள வேண்டுவதில்லை. பாஞ்சாலங்குறிச்சி கரிசல் மண். கருங்கண்ணிப் பருத்திக்குப் பெயர்பெற்ற சீமை. அந்நிலத்து வீரனுக்கு மின்னும் செயற்கை இழையினும் பருத்தித் துணியே பொருத்தம் என்பது நம் கருத்து.

உடையை வாடகைக்கு எடுக்கலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். ஒரு நாள் வாடகையும், கறைபட்டால் பிடித்துக்கொள்ள ஒரு முன்பணமும் கட்டவேண்டும். கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. உடை கொண்டுவரும் பிள்ளைக்கே வேடம் என்று ஆகிவிடுமானால், குரல் வளமும் நினைவாற்றலும் உள்ள பிள்ளை பின்வரிசையில் சிப்பாயாக நிற்க நேரிடும்.

முதலில் துணி சேகரம். சேலை முந்தியில் வெட்டிய துண்டு, லுங்கி, போர்வைகளின் கடைத்துண்டு, பழுதால் ஒதுக்கிய கட் பீஸ், பழைய வேட்டி ஆகியன போதும். சங்கக் கிடங்கில் உள்ள துண்டுகளை எடுப்பவர் எடை போட்டு, விலை கொடுத்து, ரசீது பெற்றே எடுத்தல் வேண்டும். கழிவுதானே என்று இலவசமாகக் கொண்டுபோவது எல்லா அங்கத்தினர்க்கும் பொதுவான பண்டத்தை ஒருவர் எடுப்பதாகும். பள்ளிக் காரியமாயினும் இதில் விலக்கில்லை.

சேகரித்த துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துக. கஞ்சி நீங்கும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். சாயம் ஒட்டுமா என்றறிய, ஈரத் துண்டை வெள்ளைத் துணியின் மீது வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கலாம். வெள்ளையில் கறை கண்டால் அத்துண்டை ஒதுக்குக. மேடையில் பிள்ளை வியர்க்கும். சாயம் முழுவதும் உடலில் இறங்கும்.

ஒட்டுப்போட்ட உடை அரசனைப் பிச்சைக்காரனாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. பத்து நிறங்களைக் கலந்தால் அப்படித்தான் ஆகும். இரண்டே நிறங்களை, ஒன்று விட்டு ஒன்றாக, முறை தவறாது அமைத்தால் அது ஒட்டாகத் தோன்றாது. வேண்டுமென்றே செய்த வேலைப்பாடாகத் தோன்றும். அரக்கும் மஞ்சளும், அல்லது கரும்பச்சையும் அரக்கும் எடுப்பாக இருக்கும். பல நிறத் துண்டுகளே உள்ளன என்றால், வெளிர் நிறமானவற்றை ஒன்றாக அரக்குச் சாயத்தில் முக்கியெடுக்கலாம். சாயல் சற்று வேறுபட்டாலும் ஒரே குடும்பத்து நிறங்களாக அமையும். பாலியெஸ்டர் கலந்தவை பருத்திச் சாயத்தைச் சரிவரப் பிடிப்பதில்லை. அவற்றை உள்பட்டைக்கு வைத்துக்கொள்க.

இனி வெட்டுதல். சுமார் 10 வயதுச் சிறுவனுக்கு மார்பளவு 26 அங்குலம் எனக் கொள்வோம். தாராளத்துக்கு 6 அங்குலமும், முன்புறம் ஒன்றன்மேல் ஒன்று படிய 4 அங்குலமும் சேர்த்தால் அங்கியின் சுற்றளவு 36 அங்குலம். தோள் முதல் இடுப்பு வரை 13 அங்குலம் ஒரு பாகம். இடுப்புக்குக் கீழே 18 அங்குலம் மற்றொரு பாகம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். மேற்பாகத்துக்கு முதுகு 17 அங்குல அகலம் ஒன்று, முன்பக்கம் 11 அங்குல அகலம் இரண்டு. தையலுக்கு ஓரத்துக்கு அரை அங்குலம் இதில் அடக்கம். இவற்றின் உள்ளே பழைய வேட்டித் துணியை முழு அளவில் வைத்து, அதன்மேல் சிறு பட்டைகளை வரிசையாகத் தைத்துக்கொண்டு போனால் எத்தனை சிறிய துண்டும் வீணாகாது. பாரமும் வேட்டியே தாங்கும். கைகளும் இவ்வாறே.

கீழ்ப்பாகந்தான் அழகு. இதற்கு 14½ அங்குல அகலமும் 19½ அங்குல நீளமும் உள்ள துண்டுகள் நான்கு, நிறத்துக்கு இரண்டாக வேண்டும். ஒவ்வொன்றிலும் பாவு நூல் நீளவாக்கில் ஓடட்டும். மேல் ஓரத்தில் இடப்புறமிருந்து 5½ அங்குலமும், கீழ் ஓரத்தில் இடப்புறமிருந்து 9 அங்குலமும் குறித்து, இரு குறிகளையும் இணைத்துச் சாய்வாக வெட்டுக. ஒரு துண்டு இரண்டு பாகங்களாகும். இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பினால் முதலாவதைப் போலவே இருக்கும். தையல் போக ஒவ்வொன்றும் மேலே 4½ அங்குலம். எட்டும் சேர்ந்தால் 36. மேற்பாகத்தோடு மயிரிழை பிசகாது பொருந்தும். கீழே சுற்றளவு 64 அங்குலம் விரியும். பிள்ளை திரும்பி நின்று வசனம் பேசும்போது அங்கி சுழன்று வீசுவது இதனாலேதான். புட்டா போட்ட துணியில் மட்டும் இவ்வெட்டு உதவாது. பாதிப் புட்டாக்கள் தலைகீழாக நிற்கும்.

இணைக்கும்போது ஒரு பாகத்தின் நேர் ஓரத்தை அடுத்த பாகத்தின் சாய்ந்த ஓரத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். சாய்ந்த ஓரம் இழுபடும் தன்மையது. நேர் ஓரம் அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டு சாய்வுகளைச் சேர்த்தால் தையல் தொங்கி அலையலையாகும். கைத்தறித் துண்டில் இழை பிரியும் இயல்பு மிகுதி. எனவே ஓரங்களை மடித்து இரட்டைத் தையல் போடுக. தைத்தபின் ஒரிரவு கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் கீழ் ஓரத்தைச் சமன் செய்து மடிக்க வேண்டும். அதன்மேல் ஜரிகைக் கரைத் துண்டு ஒன்றை ஓட்டுத் தையலால் பிடித்தால் போதுமானது. ஜரிகையை நேராக இஸ்திரி போடாது, மேலே ஒரு துணியை விரித்துப் போடுக.

தலைப்பாகையைப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் சுற்றிக் கட்டுவது தொல்லை. சண்டைக் காட்சியில் அவிழ்ந்தும் போகும். கனத்த துவாலைத் துணியில் தலையளவுக் குல்லாய் தைத்து, துண்டுகளை முறுக்கிய கயிறுபோலாக்கி, அதன்மேல் வளைத்து வளைத்துத் தைத்துவிடலாம். பாவு முடிவில் நெய்ய இயலாது தறியில் எஞ்சும் நூலைக் கற்றையாகக் கட்டி முன்புறம் நிறுத்தினால் தலைப்பாகைக் குஞ்சம் கிடைத்துவிடுகிறது. கறுப்பு நூல் எஞ்சியிருந்தால் மீசையும் அதிலேயே ஆகும்! இடைக்கச்சைக்கு லுங்கி ஓரங்களைச் சேர்த்து 2 மீட்டர் நீளம் வரச் செய்க. வாள் அட்டையாகவே இருக்கட்டும். தகரத்தை எடுக்க வேண்டாம்.

மேற்பாகத்தின் பக்கத் தையல்களில் அரை அங்குலத்துக்குப் பதில் 1 அங்குலம் விட்டுத் தைத்து வைத்தால் அடுத்த ஆண்டு பிரித்துப் பெரிதாக்கலாம். அப்போது கீழ்ப்பாகத்தில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கான துண்டை அதே நிறத்தில் இப்போதே எடுத்து, உடையோடு வைத்து மடித்துவிடுவது நலம்.