கடைமடை ஆற்றுநீரில் மருந்து கலந்திருக்கிறதா?

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராஜனாறும் மேட்டூர்த் தண்ணீரோடு வழிநெடுக உள்ள வயல்களின் வடிகால் நீரையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த மறுநாள் கனமழை பெய்தால், வயலில் நிற்க வேண்டிய மருந்து வாய்க்காலில் இறங்கிவிடும். பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்று நீரைப் பருவந்தோறும் சோதித்து 1990-இல் வெளியான ஆய்வில், பி.எச்.சி. (இன்று தடைசெய்யப்பட்ட பழைய பூச்சிக்கொல்லி) அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கூடியிருந்தது. கோடையில் ஒருமுறை சோதித்துவிட்டு ஆறு சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

மீன் செத்து மிதந்தால் உடனே பதற வேண்டாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும், பெரியவை முதலில் சாவதும் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவின் அடையாளம். இறாலும் நீர்ப்பூச்சிகளும் குஞ்சுகளும் முதலில் செத்து, மற்ற மீன்கள் தாறுமாறாகத் துடித்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். எதுவானாலும் அந்த மீனைச் சமைக்காதீர்கள்; மாடுகளையும் அங்கே இறக்காதீர்கள்.

நிறத்தையும் வாடையையும் நம்ப முடியாது. டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பைத்தான் கணிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, பூச்சிமருந்துகளான மோனோகுரோட்டோபாஸ் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமும் (கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோர்பைரிபாஸ் 30 மைக்ரோகிராமும் தாண்டக்கூடாது என்கிறது. இவ்வளவு நுண்ணிய அளவை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

மாதிரியை அடர்பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். சில மருந்துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்த உடனே, கடல்நீர் ஏறாத நேரத்தில், ஓட்டமுள்ள இடத்தில் ஒரு லிட்டர் பிடியுங்கள். மேற்கே சந்தேகமில்லாத இடத்திலும் ஒரு மாதிரி வேண்டும், ஒப்பிடுவதற்கு. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தாமதமின்றி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சுற்றுவட்டாரத்தில் அடித்த மருந்துகளின் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆய்வகம் பட்டியலில் உள்ள மருந்துகளை மட்டுமே தேடும். பட்டியலில் இல்லாதது அறிக்கையிலும் இருக்காது. முடிவு மோசமாக இருந்தால் அறிக்கையுடன் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. படிகாரமும் தேற்றாங்கொட்டையும் சேற்றைத்தான் படியவைக்கும். கூடுதலாகக் குளோரின் போடுவது ஆபத்து: குளோர்பைரிபாஸ் அதனால் மேலும் நச்சான பொருளாக மாறும். கிளர்வூட்டிய கரி (வேதிப்பொருள்களை உறிஞ்சும் வடிகட்டி) பல மருந்துகளைப் பிடிக்கும், உரிய காலத்தில் மாற்றினால் மட்டும். சந்தேகம் தீரும்வரை அந்த ஆற்றுநீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.

மருந்து அடிக்கும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தெளித்த பின் இரண்டு மூன்று நாள் வயல்நீரை வடிக்காதீர்கள், தெளிப்பானையும் காலி டப்பாவையும் வாய்க்காலில் கழுவாதீர்கள்.