குழந்தையின் சொல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேச்சு வரப் பிந்தினால் வீடே கலங்கிப் போகிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அவற்றில் மூன்றையாவது சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை 1: சொன்னதைத் திருப்பிச் சொல்லியே குழந்தை பேசப் பழகுகிறது.

உண்மை: இது பாதிதான் சரி. பழக்கமும் பாராட்டும் பேச்சை வளர்க்கின்றன என்று நடத்தையியல் அறிஞர் ஸ்கின்னர் 1957இல் எழுதினார். ‘அம்மா’ என்றதும் அள்ளிக் கொஞ்சினால் குழந்தை மறுபடி சொல்லத்தான் செய்யும். ஆனால் 1958இல் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ, கற்பனைப் பிராணி ஒன்றை வரைந்து ‘இது வக்’ என்று குழந்தைகளிடம் காட்டினார். இரண்டைக் காட்டிக் கேட்டதும் பெரும்பாலான குழந்தைகள் ‘வக்ஸ்’ என்றன. யாரும் சொல்லித் தராத சொல் அது. பன்மை விதியை அவையே பிடித்து வைத்திருந்தன.

நம் வீட்டு வாசலிலும் இது நடக்கிறது. தெருவில் போகும் மாட்டைப் பார்த்துக் குழந்தை, நாயைச் சொல்வதுபோல் ‘தோ தோ’ என்கிறது. நாலு காலும் வாலும் இருந்தால் தோ தோ என்பது அது தானே போட்ட கணக்கு. ‘அது மாடுடா கண்ணு’ என்று பாட்டி சொல்லச் சொல்ல, அந்தக் கணக்கு திருந்துகிறது.

நம்பிக்கை 2: செல்போனில் வீடியோ போட்டால் கைக்குழந்தை மொழி கற்கும்.

உண்மை: பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் பேசி விளையாடினார்கள். அம்மொழிக்கே உரிய ஒலிகளை அக்குழந்தைகள் பிரித்தறிந்தன. அதே பேச்சை வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகளிடம் அந்தத் திறன் வரவில்லை.

நம்பிக்கை 3: திரும்பத் திரும்பப் படித்தால் சொல் மறக்காது.

உண்மை: உளவியல் ஆய்வாளர்கள் கார்ப்பிக்கும் ரோடிகரும் 2008இல் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலி சொற்களைக் கொடுத்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் பார்க்காமல் மறுபடி மறுபடி நினைவுகூர்ந்தவர்கள், ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் சொன்னார்கள். அத்தகைய சொல்லை மேலும் படிக்க மட்டும் செய்தவர்களுக்கு அதில் பாதிகூட நினைவில் இல்லை.

ஆகவே பெற்றோரே, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தையிடம் பேசுங்கள். ‘இது என்ன?’ என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாமல், அதன் வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள்.